முன்சில்லுக்கும் உயிர்

மழைநாளில் கம்பளையிலிருந்து தோட்டத்துப் பாதையில் ஏறும் பழைய லேண்ட் ரோவர் பிக்கப்பைக் கவனியுங்கள். பின்சில்லு சேற்றில் சும்மா சுற்றும். சாரதி கியருக்குப் பக்கத்திலிருக்கும் மஞ்சள் குமிழைக் கீழே அமுக்குவார். முன்சில்லும் மண்ணைப் பிடிக்கும். ஏற்றம் இன்னும் செங்குத்தென்றால் சிவப்புக் குமிழ்க் கம்பியைப் பின்னால் இழுப்பார். வண்டி ஆமைபோல, ஆனால் அசராமல் ஏறும்.

முன்சில்லும் இழுக்கும் இந்த வரமில்லாமல் பிறந்த வண்டிக்கும் அதைக் கொடுத்தவர்கள் உண்டு. 1950களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்த நாப்கோ நிறுவனம், செவர்லே பிக்கப்புகளுக்குப் பூட்ட முன் அச்சும், இழுவையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் பெட்டியும் விற்றது. முன்சில்லு திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். நுட்பமெல்லாம் இரண்டுக்கும் இடம்கொடுக்கும் அச்சுமுனை மூட்டில்தான்.

நல்ல கைவேலை வெளியே தெரியாது. பாதை வழுக்கும்போதுதான் தெரியும்.