கொக்கிப்புழு நம்ம நண்பனா?

"அந்தக் காலத்துல வயித்துல பூச்சி இருந்துச்சு, குடல் நோய் இல்ல. பூச்சி மாத்திரை குடுத்தே கெடுத்துட்டாங்க." எங்க ராயபுரத்துல இப்படிப் பேசுறவங்க உண்டு. அவங்களுக்குச் சாதகமா ஒரு ஆய்வும் இருக்கு. அதை நிதானமாப் பார்ப்போம்.

வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. கிரோன் நோயாளிகளையும் அந்நோய் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, ரத்தத்தின் டி செல்களுக்குக் கொக்கிப்புழுவின் புரதம் பழக்கப்பட்டதா என்று சோதித்தார்கள். கிரோன் நோயாளிகளிடம் அந்தப் பழக்கத்தின் தடயம் குறைவு.

ஆய்வின் பலம், கேள்வியை எழுப்பிய விதம். குடலின் எதிர்ப்பு மண்டலத்துக்கு பிரேக் உண்டு: ஒழுங்குபடுத்தும் டி செல்கள், ஐ.எல்-10 என்ற புரதம். ஐ.எல்-10 ஏற்பி பழுதாகப் பிறந்த குழந்தைகளுக்குக் கடும் குடல் அழற்சி வருவது 2009-ல் தெரிந்தது. புழு நம் உடம்பில் பிழைத்திருக்க அதே பிரேக்கைத்தான் மிதிக்கிறது. ஆக, சந்தேகம் நியாயமானதே.

பலவீனம் அளவீட்டில். லாக் ஃபைலில் ஒரு வரி இல்லையென்றால் சம்பவம் நடக்கவில்லை என்றும் இருக்கலாம், லாகிங்கே அணைந்திருக்கிறது என்றும் இருக்கலாம். ஸ்டீராய்டும் அசதியோப்ரினும் டி செல்களை அடக்கும் மருந்துகள். கிரோனுக்கு வழக்கமாகத் தருபவை. தவிர, புழு இல்லாத வீடு என்றால் வசதி, சாப்பாடு, ஆன்டிபயாடிக் எல்லாமே வேறு. இதில் எது காரணம் என்று ஒப்பீட்டு ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல, புழுவைக் கொடுத்தே பார்க்கணும். பார்த்தார்கள். 2005-ல் அயோவாவில் பன்றிச் சாட்டைப்புழு முட்டை குடித்த பெருங்குடல் அழற்சி நோயாளிகள் 30 பேரில் 13 பேருக்கு முன்னேற்றம்; போலி மருந்து குடித்த 24 பேரில் 4 பேருக்கு. பெரிய நம்பிக்கை! ஆனால் கிரோன் நோயாளிகளிடம் பெரிய அளவில் நடந்த சோதனையில் முட்டை போலி மருந்தை மிஞ்சவில்லை என்று 2013-ல் முடிவு வந்தது.

அதனால் பூச்சி மாத்திரையை நிறுத்தாதீங்க. கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும்; பிள்ளைகளுக்கு ரத்தசோகை வரும். அல்பென்டசோல் அதற்குத்தான்.

வேலூர் ஆய்வில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. இந்நோயில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை, அடங்க மறுக்கிறது. கிரோன் வந்தவரிடம் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்க" என்று சூரணம் நீட்டுவது, பிரேக் பிடிக்காத வண்டிக்கு ஆக்சிலரேட்டர் மாற்றித் தருவது மாதிரி.