அறுப்பின் நன்றியும் பரதேசியும்

உபாகமம் 26:5–9 இஸ்ரவேலின் மிகப் பழைய விசுவாச அறிக்கை என்பது ஜெர்மானிய வேத அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட் 1938இல் வெளியிட்ட கருத்து. அவ்வாய்வின் பயன் பெரிது. எனினும், அறிக்கையைத் தனியே பிரித்தெடுத்ததால் அதைத் தொடரும் 11ஆம் வசனம் பின்தள்ளப்பட்டது. முதற்பலனைப் படைப்பவன் லேவியனோடும் பரதேசியோடும் கூடி மகிழவேண்டும் என்பது அவ்வசனத்தின் கட்டளை. எகிப்திலே முன்னோர் பரதேசிகளாயிருந்ததை அறிக்கையிடுகிறவன், தன் நடுவிலுள்ள பரதேசியை மறந்தால் அவ்வறிக்கை வெறுஞ்சொல்லாகும்.

நம் அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்கள் பலவற்றிலும் இக்குறை உண்டு. அயலிடத்தில் பணிபுரியும் விசுவாசி எவ்வாறு நன்றி செலுத்துவது? வடலூரை அடுத்த நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. பல ஊரார் வந்து ஊதியம் பெற்றனர். உழவர் பலர் நிலம் இழந்தனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், நின்ற நெற்பயிரை அழித்து இயந்திரங்கள் கால்வாய் வெட்டின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சட்டநிலை எதுவாயினும், உபாகமத்தின் காட்சி இங்கே தலைகீழாகிறது: வந்தவர் காணிக்கை படைக்கிறார், மண்ணின் உழவரே பரதேசியாகிறார்.

வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோர்க்கு உணவளிக்கிறது. அதன் அண்மையில் வழிபடும் திருச்சபை, காணிக்கைப் பொருள்களை ஏலமிட்டு நிதி சேர்ப்பதோடு அமையலாகாது. 12ஆம் வசனம் தசமபாகத்தைப் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரித்தாக்குகிறது. போதகர் அதையும் வாசித்து, காணிக்கையில் ஒரு பங்கை நிலமிழந்தோர்க்கு ஒதுக்குவாராயின், பண்டிகை தன் வேதப்பொருளை மீண்டும் அடையும்.