பிளக்கின் நிறம்

கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுப்பார். டாப்பெட் சத்தமா, டைமிங் செயின் சத்தமா என்று அதிலேயே பிடிபட்டுவிடும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். நுனி இளம்பழுப்பாக இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்து எரிகின்றன. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடேறுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிப்பார். இன்ஜினைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லும் இந்த அறிவு எனக்குப் பெரிய வித்தையாகவே படுகிறது.

பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்பலாம் என்பேன். ஆரம்பத்தில் கூலி குறைவு; முதுகும் முழங்காலும் வலிக்கும். பட்டறைப் பழக்கம் மட்டும் இனிப் போதாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஐடிலிங் ஸ்க்ரூ திருகிய கை இப்போது ஸ்கேனரையும் பிடிக்க வேண்டும். பத்தாவது தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு மோட்டார் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அதை முடித்து ஒரு நல்ல கைக்காரரிடம் சேர்வதுதான் சரியான வழி. மின்சார வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனால் பிரேக், பேரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் உண்டு. வயரிங் வேலையும் நிறைய இருக்கும். மல்டிமீட்டரை இப்போதே பழகிக்கொள்ளட்டும்.