தொலைக்காட்சியிற் கருநாடக இசை: ஓசையில்லா எண்ணிக்கை

இசை செவிக்குரியது, கூத்து கண்ணுக்குரியது. இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி வீட்டுக் கூடத்தில் வைத்த கருவி தொலைக்காட்சி. அதனால் இசைக்கலைக்கு ஆக்கம் விளைந்ததா, கேடு விளைந்ததா என்பது இசையன்பர்களிடையே நெடுநாளாக இருந்து வரும் வாதம். ஆக்கமே என்பார் அது சென்று சேரும் வீடுகளின் தொகையைக் காட்டுவர். கேடே என்பார் அரைமணிக்குள் நறுக்கிய ஆலாபனையைக் காட்டுவர். இரு சாராரும் கேளாத வினா ஒன்று உண்டு. செவியாற் பெற முடியாத எதனைக் கருநாடக இசை கண்ணுக்குத் தர முடியும் என்பதே அது. அவ்வினாவுக்கு விடை கண்டால் ஏனைய குறை நிறைகள் தாமே விளங்கும்.

தோட்டப்புறத்துச் சபை

இவ்வினா சென்னை நகரத்து இரசிகருக்குச் சிறு வினா. 1928ஆம் ஆண்டு தோன்றிய சங்கீத வித்துவ சபையும், 1943இல் அரசர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் எழுந்த தமிழிசைச் சங்கமும், மார்கழித் திங்களில் தெருவுக்குத் தெரு நடைபெறும் கச்சேரிகளும் அவருக்கு அருகில் உள்ளன. தொலைக்காட்சி அவருக்கு இரண்டாஞ் சபை. அது பிழைபட்டாலும் அவர் இழப்பது சிறிதே.

ஜொகூர் மாநிலத்திலே, கூலாய்க்கு வடக்கே, இருப்புப் பாதையை ஒட்டிய செடெனாக் போன்ற தோட்டப்புறங்களின் நிலை வேறு. ஆங்குள்ள தமிழ்ப் பிள்ளை கேட்டு வளர்ந்த இசை எது? மாரியம்மன் திருவிழாவில் உறுமி மேளம், அரிதாக ஒரு நாதசுரம், வெள்ளிக்கிழமைப் பசனை, எஞ்சிய நாளெல்லாம் திரைப்பாடல். இசைச் சபை என்பது அப்பிள்ளைக்குப் பெயரளவிலேயே தெரிந்த பொருள். 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், அதே ஆண்டு டிசம்பர் 28இல் மலேசியாவும் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கின. ஜொகூர் வீடுகளின் கூரைமேல் நின்ற அலைவாங்கிகள் இரு நாட்டுப் படங்களையும் பற்றித் தந்தன. 1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தோன்றியது. 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் வழி ஒளிபரப்பலாயிற்று. தமிழகத்துக் கச்சேரி மேடையைத் தோட்டத்து வீட்டிலிருந்தே காணும் காலம் இவ்வாறு வந்தது.

நகரத்தாருக்கு இரண்டாஞ் சபையாகிய தொலைக்காட்சி தோட்டத்துப் பிள்ளைக்கு முதற் சபை. பலருக்கு அதுவே ஒரே சபை. ஆகவே அதன் குறையும் நிறையும் ஈண்டே முழு எடையோடு விழுகின்றன. நகரத்து இரசிகரின் நிறைவை மட்டும் அளவாகக் கொண்டு இவ்வொளிபரப்புகளை மதிப்பிடுவது பொருந்தாது.

ஆபெராவும் கச்சேரியும்

மேலைநாட்டார் இத்துறையில் பெற்ற வெற்றியைக் காட்டி, அவ்வாறே தமிழரும் செய்க என்பார் உளர். ஆபெரா எனப்படும் மேலை இசைநாடகம் தொலைக்காட்சிக்கு எளிதில் இசைந்தது உண்மையே. மெனோட்டி இயற்றிய ‘அமாலும் இரவு விருந்தினரும்’ என்னும் சிறு இசைநாடகம் தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பெற்று, 1951ஆம் ஆண்டு டிசம்பர் 24இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. பெஞ்சமின் பிரிட்டனின் ‘ஓவன் விங்கிரேவ்’ பி.பி.சி. தொலைக்காட்சிக்காக ஆக்கப்பெற்று 1971இல் வெளிவந்தது. மோட்சார்ட்டின் ‘மாயக் குழல்’ என்னும் நாடகத்தை இங்மார் பெர்க்மன் சுவீடன் தொலைக்காட்சிக்கு எடுத்து, 1975ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் வழங்கினார்.

ஆயினும் ஆபெராவில் கதை உண்டு, வேடம் உண்டு, மாறும் காட்சி உண்டு. கண்ணுக்கு வேண்டிய உணவு அக்கலையின் உள்ளேயே சமைந்திருக்கிறது. அரியக்குடி இராமாநுச ஐயங்கார் (1890–1967) வகுத்து நிலைபெறச் செய்த இன்றைய கச்சேரி முறையில் இவை எவையும் இல்லை. பாடுவோர் ஓரிடத்தில் அமர்கின்றனர், இரு மருங்கும் வயலினும் மிருதங்கமும், பின்னே தம்புரா. மூன்று மணி நேரமாயினும் அவர்கள் இடம் பெயர்வதில்லை. இதனைக் கண்ட ஒளிப்பதிவாளர், “இங்கே காட்டுதற்கு ஒன்றுமில்லையே” என்று அஞ்சுகிறார். அந்த அச்சமே பல பிழைகளுக்கும் வித்து. ஒன்றுமில்லை என்று எண்ணியதால் மேடைக்குப் பூமாலையும் வண்ண விளக்கும் வந்தன. முன்வரிசைப் பட்டுச் சேலைகள் வந்தன. நொடிக்கொரு முறை தாவும் படங்கள் வந்தன.

செவி அறியாத ஐந்து

உண்மையில் காட்டுதற்கு ஒன்றுமில்லையா? ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டு. பின் சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் என மூன்று எண்ணல். அதன்பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இவ்வெட்டனுள் ஓசை எழுவன மூன்று தட்டுகள் மட்டுமே. மூன்று விரல் எண்ணலும் இரண்டு வீச்சுமாகிய ஐந்தும் ஓசையற்றவை. கேட்போர் செவிக்கு எட்டாத இவ்வைந்தினையும் காணத்தான் முடியும்.

பாட்டின் எடுப்பும் அத்தகையதே. பல கீர்த்தனைகள் தாளத்தின் முதல் தட்டோடு தொடங்குவதில்லை. அரை எண்ணிக்கையோ ஒன்றரை எண்ணிக்கையோ தள்ளித் தொடங்குகின்றன. வானொலியில் கேட்கும் மாணவன் குரல் எழுந்த இடத்தையே தாளத்தின் தொடக்கமென மயங்குவான். திரையில் காண்பவனோ, கை முதலில் தொடையில் விழுவதையும், அதன்பின் ஒரு கணம் வெறுமையாக நிற்பதையும், பிறகே குரல் புறப்படுவதையும் காண்கிறான். ஆசான் முன்னிலையில் அமர்ந்த மாணாக்கன் காலங்காலமாகக் கண்டறிந்தது இதுதான். அகில இந்திய வானொலி 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி நெடிய கச்சேரிகளை எண்ணற்ற செவிகளுக்குக் கொண்டு சென்று அருந்தொண்டு ஆற்றியது. எனினும் வானொலியால் கையைக் கொடுக்க இயலாது. தொலைக்காட்சியால் இயலும். கருநாடக இசைக்கு அக்கருவி செய்யக்கூடிய தனிப்பெருந் தொண்டு இஃதே.

மிருதங்கத்தின் இயல்பும் கண்ணாற் காணத் தக்கது. வலந்தலையிற் கரிய ‘சாதம்’ அமைந்திருப்பது, இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பி ஒலியைத் தாழ்த்துவது, ஒரே தோலில் விரல் நுனியும் உள்ளங்கையும் வெவ்வேறு சொல் எழுப்புவது ஆகிய இவற்றைப் பார்க்கும் தோட்டத்துச் சிறுவன் அந்நியப் பொருளைப் பார்ப்பவன் அல்லன். கோயில் திருவிழாவில் உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தெடுக்கும் முழக்கத்தை அருகிருந்து கண்டவன் அவன். தோலும் விரலும் பேசும் மொழி அவனுக்குப் பாதி தெரிந்த மொழியே. எஞ்சிய பாதியைக் கற்பிக்க வேண்டிய தனியாவர்த்தனத்தையே நேரமின்மை காட்டி முதலில் வெட்டுவது வேதனைக்குரியது.

யார் முகத்தைக் காட்டுவது?

திருவையாற்றில் தியாகராசர் (1767–1847) ஆராதனை நாளில் ஐந்து பெருங் கீர்த்தனைகளை இசைவாணர் நூற்றுக்கணக்கில் கூடிப் பாடுவதைத் தூர்தர்சன் ஆண்டுதோறும் நேரடியாக ஒளிபரப்பி வந்துள்ளது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து இராகங்கள். எதிரெதிரே அமர்ந்த வரிசைகள். ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும் கைகள். பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தம் பொருளைச் செலவிட்டுச் சமாதியைப் புதுப்பித்து, பெண்டிரும் அங்கே பாடுவதற்கு வழி கண்ட வரலாறும் அக்காட்சிக்குப் பின்னணியாக நிற்கிறது. தாளம் கற்பிப்பதற்கு இதனினும் சிறந்த படம் வேறில்லை. ஆனால் ஒளிப்பதிவுக் கருவி கைகளை விட்டுப் பெயர் பெற்ற முகங்களைத் தேடத் தொடங்குங்கால், கற்க அமர்ந்தவன் எண்ணிக்கையை இழக்கிறான். வேடிக்கை பார்ப்பவன் ஆகிறான்.

கேட்போர் முகத்தைக் காட்டவே கூடாது என்பதன்று. பெர்க்மன் தம் ‘மாயக் குழல்’ படத்தின் தொடக்க இசை முழுவதிலும் கேட்போர் முகங்களையே காட்டினார். முதியோர், இளையோர், பற்பல நாட்டினர், மீண்டும் மீண்டும் ஒரு சிறுமி. அவர்கள் உடுத்த உடையை அன்று, அவர்கள் கேட்கும் கேட்பினை அவர் காட்டினார். இசை ஒரு முகத்தின்மேற் செய்யும் வேலை அதிலே தெரிந்தது. தமிழ்த் தொலைக்காட்சியில் முன்வரிசையைக் காட்டும்பொழுது தெரிவன பெரும்பாலும் நகையும் பட்டும் பதவியுமே. வேறுபாடு கருவியில் இல்லை. கருவியைப் பிடித்தவர் நோக்கில் உள்ளது.

இந்நோக்கு தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கை அளந்து காட்டுகிறார். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு நிறுத்த வேண்டும் என்ற நுட்பத்தையும் அங்கே கூறுகிறார். ஆடுபவள் மேல் நிழல் விழலாகாது என்பதே அதன் கருத்து. ஒளி இருப்பது கலை தெரிவதற்காக. ஒளி தெரிவதற்காகக் கலை அன்று. பாடகர் முகத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறிப் பாய்ச்சும் இன்றைய அரங்க அமைப்பாளர்கள் அவ்வொரு காதையையேனும் கற்பது நலம்.

நல்ல முயற்சிகள்

குறை மட்டும் கூறுவது திறனாய்வு ஆகாது. தூர்தர்சனின் சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கப்பெற்றது. அதன் பழைய ஒளிபரப்புகளில் அலங்காரம் குறைவு. அசையாத படம் மிகுதி. அன்று அதனை வறட்சி என்று இகழ்ந்தவர் பலர். இன்று அப்பதிவுகளைக் காணும் மாணவன் வாய்ப்பாட்டுக்காரரின் கையை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகப் பின்தொடர முடிகிறது. இகழப்பட்ட வறட்சியே அவனுக்கு வளமாயிற்று.

ஜெயா தொலைக்காட்சி வழங்கிய ‘மார்கழி மகோற்சவம்’ ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பொருளை வகுத்துக்கொண்டு, புதிய கேட்போரைக் கருநாடக இசைக்கு அழைத்தது. அதே நிலையத்தில் சாருலதா மணி நடத்திய ‘இசைப் பயணம்’ திரைப்பாடல்களைத் துணைக்கொண்டு இராகங்களை விளக்கியது. இம்முறையைத் தூய்மை கெட்டதென்று கடிவோர் தோட்டப்புறத்தை அறியாதவர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது கல்வியின் முதல் விதி. திரைப்பாடலன்றி வேறு செல்வம் இல்லாத பிள்ளையை அச்செல்வத்தின் வழியாகவே இராகத்தினிடம் அழைத்துச் செல்வதில் இழுக்கு யாது?

அமெரிக்காவில் இலெனார்டு பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை சிறுவர்க்கென 53 இசை நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் நடத்தினார். பெரும் இசைக்குழுவைப் பின்னே வைத்துக்கொண்டு, ‘இசைக்குப் பொருள் என்ன?’ என்ற வினாவிலிருந்து தொடங்கியவர் அவர். நியூயார்க்கின் அரங்குக்கு வர இயலாத சிறுவர்க்கும் அவர் குரல் எட்டியது. பின்பற்றத் தக்கது அவருடைய இசையன்று. சிறுவனை முதற் கேட்பவனாக மதித்த அப்பண்பே.

செய்யத் தக்கன

செய்ய வேண்டுவன பெருஞ் செலவினை வேண்டுவன அல்ல. கீர்த்தனை நடைபெறும் பொழுது தாளமிடும் கை திரையின் ஒரு மூலையிலேனும் மறையாது நிற்க வேண்டும். படத்தை மாற்றுங்கால் ஆவர்த்தனம் முடியும் இடத்தில் மாற்ற வேண்டும். இடையில் வெட்டுவது செய்யுளைச் சீர் நடுவே முறிப்பதனை ஒக்கும். இராகம், தாளம், இயற்றியவர் பெயர், பாடலின் பொருள் ஆகியவற்றைத் தமிழில் எழுத்தாகக் காட்ட வேண்டும். தனியாவர்த்தனத்தை வெட்டலாகாது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் தமிழில் கதையோடு கூடிய இசைக்குச் சான்றாக உள்ளன. மேலையோர் ஆபெராவைக் கொண்டு செய்ததை இவற்றைக் கொண்டு செய்யலாம். ஆங்கே காட்சிக்கும் வேடத்திற்கும் இடமுண்டு.

“இவையெல்லாம் எதற்கு? இன்று கைப்பேசியிலேயே ஆயிரம் கச்சேரிகள் கிடைக்கின்றனவே” என்று சிலர் வினவலாம். கிடைப்பது உண்மையே. செம்பனை நின்ற செடெனாக் நிலத்திலேயே இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. உலகத்துப் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் வல்ல தொழிற்கூடங்கள் தோட்டத்துக்கு அண்டையில் வந்துவிட்டன. ஆனால் ஆயிரம் பதிவுகளிலும் கை மறைந்திருக்குமாயின், ஆயிரமும் கேட்கக் கிடைத்தனவே ஒழியக் கற்கக் கிடைத்தன ஆகா. பெட்டி சிறிதாயிற்று, பிழை அப்படியே இருக்கிறது.

கச்சேரியைத் திரையில் காட்டுவோர் தம் பணி முடிந்தபின் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்ளலாம். அண்மையில் ஆசான் இல்லாத ஒரு சிறுவன், இந்நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே தன் தொடையில் தாளமிட்டு, பாட்டு முடியுமட்டும் எண்ணிக்கை தவறாமல் வர முடியுமா? முடியுமெனின் அந்நிகழ்ச்சி இசைக்குத் தொண்டு செய்தது. முடியாதெனின், அது எத்துணை அழகாயினும், இசையைக் காட்டவில்லை. இசை நடந்த இடத்தைக் காட்டியதாகவே முடியும்.