கம்பி ஓடும் வேகமும் கை நகரும் வேகமும்

2025 ஜூன் மாதம் மும்பையின் மசகான் டாக் நிறுவனம், கொழும்புத் துறைமுகத்துக்குள் இருக்கும் கொழும்பு டாக்யார்டின் பெரும்பான்மைப் பங்கை ஜப்பானின் ஒனோமிச்சி நிறுவனத்திடமிருந்து வாங்கப்போவதாக அறிவித்தது. ஏறக்குறைய 5 கோடியே 30 லட்சம் டாலர் என்ற விலையும், இந்துமாக் கடலில் யார் கை ஓங்கும் என்ற கேள்வியும்தான் பேச்சாயின. இரண்டு தளங்களிலும் காலை முதல் மாலை வரை நடப்பது பிளேட்டோடு பிளேட்டைப் பற்றவைக்கும் வேலை. அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நாளைக்கே ஒரு தளத்தின் வெல்டிங் அட்டை மறுதளத்துக்குப் போகலாம். இத்தனை ஆம்ப்ஸ், நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் கம்பி என்று எழுதிய அந்த அட்டையை அப்படியே நம்பினால் வேலை கெடும் என்பது என் கட்சி. மும்பையின் சூட்டுக் கணக்கு பெரும்பாலும் கட்டுகிறவரின் கணக்கு. கொழும்பின் கணக்கில் பெரும் பங்கு பழுது பார்க்கிறவருடையது. இந்த இரண்டையும் ஒரே குமிழால் ஆள முடியாது.

பட்டறையில் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்லும் முறையில் மெஷின் வோல்டேஜை நிலையாகப் பிடித்துக்கொள்கிறது. கம்பியை உருளைகள் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கம்பி வேகமாக வந்தால் அதை உருக்க மெஷின் கூடுதல் கரண்டை இழுக்கும், மெதுவாக வந்தால் குறைத்துக்கொள்ளும். ஆகவே கம்பிக் குமிழ்தான் ஆம்ப்ஸ் குமிழ். ராடு வெல்டிங்கில் இது தலைகீழ்: கரண்டை மெஷின் பார்த்துக்கொள்ளும், ஆர்க் நீளத்தை வெல்டரின் மணிக்கட்டு பார்த்துக்கொள்ளும். 1.2 மி.மீ. கம்பி நிமிடத்துக்கு 5 மீட்டர் ஓடினால் மணிக்கு 2.7 கிலோ இரும்பு விழும், 0.8 மி.மீ. கம்பி அதே வேகத்தில் 1.2 கிலோதான் போடும். விழுகிற இரும்பின் கணக்கு இது. பிளேட்டுக்குள் இறங்குகிற சூட்டுக்கு வேறு கணக்கு இருக்கிறது. வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் பெருக்கி, டார்ச் நகரும் வேகத்தால் வகுக்க வேண்டும்; சி.ஓ.டூவுக்கும் ராடுக்கும் அதில் 80 சதவீதம் பிளேட்டைச் சேருவதாக ஐரோப்பிய விதி எடுத்துக்கொள்கிறது. 24 வோல்ட், 200 ஆம்ப்ஸ், நிமிடத்துக்கு 300 மி.மீ. என்று வைத்தால் ஒரு மி.மீட்டருக்கு 0.77 கிலோஜூல். குமிழைத் திருகி 220 ஆம்ப்ஸ் ஆக்கினால் 0.84. குமிழைத் தொடாமல், கை மட்டும் 200 மி.மீட்டருக்குச் சோர்ந்தால் 1.15. மீட்டரைப் பார்த்து நிற்கும் மேற்பார்வையாளர் முதல் தவறைப் பிடித்துவிடுவார். அதைவிடப் பல மடங்கு பெரிய இரண்டாவது தவறு அவர் கண் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும்.

மசகான் டாக் 1774இல் ஓர் உலர்துறையாகத் தொடங்கி, 1934இல் கம்பெனியாகி, 1960இல் அரசு வசம் வந்தது. 1972இல் கடற்படையில் சேர்ந்த நீலகிரி முதல் 2021இல் சேர்ந்த விசாகப்பட்டினம் வரை அங்கே கட்டிய போர்க்கப்பல்கள் பல. அவற்றில் பின்னால் வந்தவற்றுக்கு டி.எம்.ஆர். 249ஏ என்ற உள்நாட்டு எஃகு. இப்படிப்பட்ட எஃகில் சூட்டுக்கு மேல் எல்லையும் உண்டு, கீழ் எல்லையும் உண்டு. அதிகமானால் ஜாயிண்டை ஒட்டிய பகுதியில் எஃகின் படிக மணிகள் பருத்து, எஃகின் வலு குறையும். குறைந்தால் பிளேட் சட்டென்று குளிர்ந்து விறைக்கும். ராடிலோ காற்றிலோ ஈரம் இருந்துவிட்டால் மறுநாள் விரிசல் காட்டும். புதிதாகக் கட்டுகிறவருக்கு ஒரு வசதி: எஃகு என்ன ஜாதி என்று சான்றிதழோடு தெரியும், பிளேட்டைத் தரையில் கிடத்தலாம், நீளமான ரன்னுக்கு டார்ச்சை வண்டியில் ஏற்றலாம். வேகம் மோட்டாரின் வேகம் ஆகிவிடுகிறது. அங்கே அட்டையில் எழுதிய எண் மாலை வரை அதே எண்ணாக இருக்கும்.

1974இல் தொடங்கிய கொழும்பு டாக்யார்டுக்கு நான்கு உலர்துறைகள். பெரியது 1,25,000 டன் கப்பலை ஏற்கும். பழுதுக்கு வந்த கப்பலைப் புரட்டிப்போட முடியாது, வெல்டர்தான் மூட்டு இருக்கும் இடத்துக்கு ஏறவோ தவழவோ வேண்டும். செங்குத்தாக நிற்கும் மூட்டில் உருகிய இரும்பு வழியாமல் இருக்க 19 வோல்ட், 130 ஆம்ப்ஸ் என்று இறக்கி வைப்பார். அலையடித்துக்கொண்டே மேலே ஏறும்போது வேகம் 120 மி.மீ. ஆகிவிடும். கணக்குப் போட்டால் 0.99 கிலோஜூல். தரையில் கிடந்த பிளேட்டுக்கு 200 ஆம்ப்ஸில் கிடைத்ததைவிட இது அதிகம்! ஆம்ப்ஸைக் குறைத்தால் சூடு குறையும் என்ற பட்டறை நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது. இதற்கு எதிரான தவறும் அதே இடுக்கில்தான் நடக்கும். டாங்கின் மூலையில் கை எட்டாமல் டார்ச் பின்வாங்கினால் டிப்புக்கு வெளியே கம்பி 15 மி.மீட்டருக்குப் பதில் 25 மி.மீ. நீளும். கம்பியின் வேகம் மாறவில்லை, ஆனால் கரண்ட் விழுந்துவிடும். இரும்பு அதே அளவு கொட்டும், பிளேட்டில் பிடிக்காமல் மேலே படுத்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் கடற்காற்று கேஸை அடித்துப் போகும். பிளேட்டின் பின்பக்கம் தண்ணீர் நின்றால் சூட்டை உறிஞ்சும்.

கொழும்பு புதுக் கப்பல் கட்டவில்லையா என்று கேட்பார்கள். கட்டுகிறது, நன்றாகவே கட்டுகிறது. லட்சத்தீவுக்கு ஓடும் எம்.வி. கோரல்ஸ், எம்.வி. லகூன்ஸ் இரண்டும் அங்கே பிறந்தவை. ஜப்பானுக்குக் கட்டிய கடலடிக் கேபிள் கப்பல் 2019இல் கடலேறிப் போனது, பிரான்சுக்கு இன்னொன்று 2023இல். மசகானிலும் பழுது வேலை உண்டு. அதே மும்பையில் செம்பூரை அடுத்த மாஹூல் சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் நாட்களில் குழாய்க்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை முழுக்கக் கொழும்பு ஜாதி வேலைதான். ஆகவே கட்டுகிறவரையும் பழுது பார்க்கிறவரையும் பிரிக்கும் கோடு பாக் நீரிணையில் ஓடவில்லை. ஒவ்வொரு தளத்தின் நடுவிலும் ஓடுகிறது. என் வாதத்தை இது உடைக்கவில்லை, இடம் மாற்றிவைக்கிறது, அவ்வளவுதான். நாட்டுக்கு ஓர் அட்டை என்பது பயனற்றது; மூட்டின் நிலைக்கு ஓர் அட்டை வேண்டும், அதில் ஆம்ப்ஸுக்கு முன்னால் நகரும் வேகம் இருக்க வேண்டும்.

இதைவிடப் பலமான மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வரும்: சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன், சூத்திரம் ஆபீசுக்கு. பாதி உண்மை. கம்பி அதிகமாக வந்தால் டார்ச் உதைக்கும், வோல்டேஜ் ஏறினால் சடசடப்பு மாறி ஆர்க் நீளும். இருபது வருடக் காதுக்கு அது தப்பாது. ஆனால் வேகத்துக்குச் சத்தம் கிடையாது. களைத்த கை மெதுவாகும்போது ஆர்க் அதே பாட்டைத்தான் பாடும், ஜாயிண்ட் இன்னும் அழகாகக்கூடத் தெரியும். பருத்த மணிகளைக் கண்ணால் பார்க்க முடியாது.

தாராவியின் சின்னப் பட்டறைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஜன்னல் கிரில் கடலில் மிதக்கப்போவதில்லை. ஆனாலும் 2 மி.மீ. சதுரக் குழாய் ஓட்டையாகுமே என்று பயந்து ஆம்ப்ஸை இறக்கி, அதனாலேயே கை மெதுவாகி, குழாய் கோணிப்போகும் சங்கடம் அங்கே தினசரிதான். அதற்கு ஸ்டாப்வாட்ச் கூட வேண்டாம். ஒரே அளவு ராடு ஒரே ஆம்ப்ஸில் எரிந்து முடியும்போது தரும் சூடு ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் அந்த ராடில் 250 மி.மீ. ஓட்டி, இன்னொருவர் 150 மி.மீ. ஓட்டினால், பின்னவரின் மூட்டுக்கு 1.7 மடங்கு சூடு. கப்பல் தளங்களும் ராடு வேலையில் இதே அளவைக் கொண்டு கணக்கிடலாம். நாளை முதல் ராடை எடுக்கும்போது, தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கடைசி ராடுக்கும் அதே போல் போட்டு, இரண்டு நீளங்களையும் அளந்து சுவரில் எழுதிவையுங்கள்.