கங்காணி முன்பணம் நீட்டும் காட்சி

மலைத்தோட்டத்துக் கதை எழுதுபவருக்குச் சாவை எழுதுவதைவிடக் கடினம், தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் நீட்டுவதை எழுதுவது. அது பொறி என்று வாசகருக்குத் தெரியும். கை நீட்டுகிறவருக்குத் தெரியாது. அவரை ஏமாளியாகக் காட்டினால் வாசகர் மேலிருந்து பரிதாபப்படுவார். விவரம் தெரிந்தவராகக் காட்டினால் ஏன் போனார் என்ற கேள்வி எழும்.

பெரியாற்றங்கரையில், கோட்டயம்–குமுளி சாலையில் இருக்கும் வண்டிப்பெரியாரின் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது முன்னோர் கதை. தாத்தா எந்த ஊரிலிருந்து மலையேறினார் என்பது வீட்டில் பேசப்படும். எதை நம்பி ஏறினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புனைவு நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

புதுமைப்பித்தன் 1935இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’ இதற்கு நல்ல வழி கண்டது. இலங்கைத் தோட்டத்தைப் பற்றிய அந்தக் கதை தோட்டத்தில் தொடங்கவில்லை. வாசவன்பட்டியின் சேரியிலும் பண்ணையின் அதிகாரத்திலும் தொடங்குகிறது. கதையின் நாயகி மருதி கப்பலேறும் முன்பே ஊர் அவளை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் ஆள்கட்டுபவன் நாவன்மையோடு பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. சிக்கலான காட்சியை அதற்கு முந்தைய காட்சியில் தீர்ப்பது என்று இதைச் சொல்லலாம்.

பி.எச். டேனியலின் தடுமாற்றம் வேறு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த அவர், தொழிலாளர்களிடம் கேட்ட வாழ்க்கையை ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் நாவலாக்கி 1969இல் வெளியிட்டார். நாவலின் கருப்பனும் வள்ளியும் தமிழில் பேசியிருக்க வேண்டியவை எல்லாம் ஆங்கிலமாகிவிட்டன. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கியபோது, அந்தப் பேச்சை மறுபடி ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நெல்லைச் சீமைக்காரர் கங்காணியிடம் எப்படிக் குழைவார், மனைவியிடம் எப்படிக் குரல் தாழ்த்துவார் என்பது மூலத்தின் சொற்களில் கிடைக்காது. மொழிபெயர்ப்பாளரும் அங்கே காட்சியை எழுதுகிறவர்தான். இந்த நாவலைத் தழுவி 2013இல் பாலா எடுத்த ‘பரதேசி’யில், கூலிக் கணக்கு முடிக்கும் நாள்தான் நெஞ்சில் நிற்கிறது. பற்று கழிக்கப்படுகிறது, கையில் எதுவும் மிஞ்சுவதில்லை, ஊர் திரும்ப வழியில்லை. கணக்கே பேசும்போது வசனம் குறைவாக இருப்பதுதான் முறை.

டி. செல்வராஜின் நிலை இன்னும் சிக்கலானது. அவருடைய குடும்பத்து முன்னோரே இன்றைய இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிகளாக இருந்தவர்கள். ‘தேநீர்’ நாவலை எழுதியவருக்குக் கங்காணி என்பவன் தூரத்து வில்லன் அல்ல, வீட்டு மனிதன். இந்த இடத்திலிருந்து எழுதுகிறவருக்குக் கங்காணியின் அச்சமும் தெரியும்: அவனும் தோட்டத்து வெள்ளைத் துரைக்குக் கட்டுப்பட்டவன், ஆள் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன். தோட்டத்துப் புனைவில் இந்தக் கோணம் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது பெரும் குறை.

பெண்கள் மீதான துரையின் அத்துமீறல் அடுத்த கடினமான காட்சி. அசாம் தோட்டத்தைப் பற்றிய முல்க் ராஜ் ஆனந்தின் 1937ஆம் ஆண்டு நாவலில் கங்கு என்ற தொழிலாளியைத் துரை சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றம் அவனை விடுவித்துவிடுகிறது. சுடுவதைவிடத் தீர்ப்பு அதிகம் வலிக்கிறது. கொடுமையை விவரித்துக்கொண்டே போனால் பாதிக்கப்பட்ட பெண்ணின் உடல் காட்சிப்பொருளாகிவிடும். அதன் பின்விளைவை, லயத்தில் யார் யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதை எழுதுவது நேர்மையான வழி.

வண்டிப்பெரியாரில் எழுதுகிறவருக்கு மொழிச் சிக்கலும் உண்டு. கொழுந்து எடை போடும் இடத்தில் தொழிலாளி தமிழில் கேட்பார், சூப்பர்வைசர் மலையாளத்தில் பதில் தருவார், இருவருக்கும் புரியும். எல்லாவற்றையும் தூய தமிழாக்கினால் அந்த இடமே மறைந்துவிடும். மலையாளத்தை அப்படியே கொட்டினால் மதுரை வாசகர் தடுக்கி விழுவார். ஓரிரு மலையாளச் சொற்களை நிறுத்தி, மீதியைத் தொழிலாளியின் பதிலிலிருந்து ஊகிக்க விடுவதே எடுபடும்.

ஊருக்கு மேலே ஆற்றின் போக்கில் 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ அந்தக் கட்டுமானத்தை நாவலாக்கியது. காட்டில் நோயில் மாண்ட நூற்றுக்கணக்கான கூலிகளை ஒரு காட்சிக்குள் எப்படி அடக்குவது என்ற கேள்வி அங்கே காத்திருக்கிறது. எண்ணிக்கையைச் சொன்னால் முகங்கள் அழியும். ஒருவரை மட்டும் தொடர்ந்தால் மற்றவர்கள் மறைவார்கள். காலையில் பேர் கூப்பிடும்போது பதில் வராத பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் போவதில் இரண்டும் நிற்கும்.