படத்தின் கீழ் எழுதப்படாத பெயர்

‘ஏன் படம் பிடிக்கவேண்டும்?’ என்பது சென்னை போட்டோ பியனாலேயின் நான்காம் பதிப்பு தன் பொருளாக எடுத்துக்கொண்ட வினா. 2016 இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்னையில் நடைபெற்றுவரும் இப்புகைப்படப் பெருவிழா, நான்காம் முறையாக 2024 டிசம்பர் முதல் 2025 மார்ச் வரை நிகழ்ந்தது. காட்சிக்கூடங்களோடு நில்லாது பொதுவிடங்களிலும் படங்களை வைப்பதும், கலைஞருக்கும் பொதுமக்களுக்கும் உரைகளும் பயிலரங்குகளும் நடத்துவதும் இவ்விழாவின் இயல்பு. கலை சிலருக்கே உரியதன்று என்னும் எண்ணம் இதில் அடங்கியிருத்தலால் இதனை மனமார வரவேற்கிறோம். எனினும், அவ்வினாவோடு மற்றொன்றையும் சேர்த்தே கேட்கவேண்டும் எனக் கருதுகிறோம். படத்தில் இருப்பவர் யார்? அவர் அக்கண்காட்சிக்குள் பார்வையாளராக நுழைய இயலுமா? புகைப்படக் கண்காட்சி ஒன்றை மதிப்பிடுவதற்கு இவ்விரண்டினும் ஏற்ற அளவுகோலை நாம் அறியோம்.

இவ்வினா எழுவதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே காரணம் உண்டு. சென்னையில் புகைப்படச் சங்கம் 1856 இல் தோன்றிவிட்டது. அக்காலத்தே சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக இணைத்தார். வியத்தகு உழைப்பு அது. அதன் பின்னர், 1868 முதல் 1875 வரை ஆங்கில ஆட்சியினர் ‘இந்திய மக்கள்’ என்னும் பெயரில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டனர். அவற்றில் மனிதர் முகங்கள் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலான முகங்களின் கீழே காணப்படுவது அவரவர் சாதியின் பெயர் அல்லது குலத்தின் பெயர், ஆளின் பெயரன்று. டிரைப் படமெடுத்த அதே தஞ்சைக் கோயிலிலோ, இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயரும் வீடும் சுட்டி வரிசைப்படுத்துகிறது. மன்னனின் புகழுக்காகவே வெட்டப்பட்டதாயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல் செய்ததை அறிவியல் வளர்ந்த நூற்றாண்டின் காமிரா செய்யத் தவறியது.

ஆட்சியாளர் நோக்கம் வேறு, கலைஞர் நோக்கம் வேறு என்று சிலர் கூறலாம். உண்மையே. 1955 இல் நியூயார்க்கில் எட்வர்டு ஸ்டைக்கன் அமைத்த ‘மனிதக் குடும்பம்’ என்னும் கண்காட்சி, 68 நாடுகளைச் சார்ந்த 503 படங்களைக் கொண்டு மனுக்குலம் ஒன்றே என்று காட்ட முயன்றது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் அது சென்றது. நல்லெண்ணத்தில் அதற்குக் குறைவில்லை. ஆயினும் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் அதன்மீது கடுமையான குறையொன்றைச் சாற்றினார். பிறப்பும் உழைப்பும் இறப்பும் எங்கும் ஒன்றே எனக் காட்டும்போது, இன்னார் ஏன் பசியோடு பிறக்கிறார், இன்னார் ஏன் ஆதாயமின்றி உழைக்கிறார் என்னும் வரலாறு மறைந்துவிடுகிறது என்பதே அவர் கருத்தின் சாரம். ‘உழைப்பின் அழகு’, ‘வறுமையிலும் புன்னகை’ என்றெல்லாம் நம்மூர்ப் படங்களின் கீழே எழுதுவோர் இக்கருத்தை நினைவிற்கொள்வது நலம்.

நெய்வேலியில் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. பிரேசில் நாட்டுக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ 1989 இல் தன்பாத் நிலக்கரித் தொழிலாளரை எடுத்த படங்கள் உலகப் புகழ்பெற்றவை. சுரங்கம் என்பது காமிராவுக்கு அத்துணை உகந்த பொருள். 1957 இல் அகழ்வுப்பணி தொடங்கிய நம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலும், வாளிச் சக்கர எந்திரம் மண்ணை அறுக்கும் காட்சி எவரையும் மலைக்கவைக்கும். ஆனால் அவ்வகைப் படங்களில் எந்திரம் மலைபோல நிற்க, ஒப்பந்தத் தொழிலாளி ஒரு புள்ளியாகிவிடுகிறார். நிலம் கொடுத்த சிற்றூரோ படத்தில் இடம்பெறுவதேயில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரினூடே எந்திரங்கள் வாய்க்கால் தோண்டிய படங்களைத் தமிழகம் முழுவதும் கண்டது, மனம் பதைத்தது. அப்பயிரை நட்டவர் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் நகரியத்து மண்டபம் ஒன்றில் நடந்த சிறு கண்காட்சியில், முந்திரிக்கொட்டை உடைக்கும் கைகளின் படமொன்று பரிசு பெற்றிருந்தது. கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்து வெந்த விரல்கள். ஒளியமைப்பு மிக நேர்த்தி. அக்கைகளுக்கு உரியவர் நமக்கு அறிமுகமான மூதாட்டியார். படம் காட்சிக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. நாம் அவரை அழைத்துச் சென்றோம். வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தவர், படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பின்னர் நம்மிடம், “கைய மட்டும் வச்சிட்டு மூஞ்சிய ஏன் ஐயா விட்டுட்டாங்க?” என்று கேட்டார். நமக்கு விடை கூற இயலவில்லை. அதற்கு முந்தின நாள் அதே படத்தைப் புகழ்ந்து பேசியோருள் நாமும் ஒருவர் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளவேண்டும்.

வேறு வழி உண்டா எனின், உண்டு. மதுரையைச் சார்ந்த பழனி குமார், மீன் விற்ற தம் அன்னை கடன்பட்டுத் தந்த பணத்தில் காமிரா வாங்கியவர். மலக்குழியில் மாண்ட தூய்மைப் பணியாளரின் பிள்ளைகளை அவர் எடுத்த படங்கள், ‘நானும் ஒரு குழந்தை’ என்னும் தலைப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அத்தலைப்பிலேயே பேசுகிறவர் யார் என்பது தெளிவு. படமெடுத்தவர் அல்லர், குழந்தையே பேசுகிறது. சென்னைப் பெருவிழாவின் நான்காம் பதிப்பிலும், வாடிப்பட்டியைச் சார்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் ‘வானேறும் விழுதுகள்’ என்னும் காட்சியைத் தொகுத்தளித்தார். தம் இல்லத்தையும் உறவினரையும் படமெடுத்துப் பெயர்பெற்றவர் அவர். காமிராவின் முன்னே மட்டும் நிறுத்தப்பட்டுவந்த மக்கள் அதன் பின்னேயும் வந்து நிற்கும்போது, படத்தின் தன்மையே மாறுகிறது.

பெயரை எழுதுவதால் சிலருக்கு இழிவோ இடரோ நேராதா என்னும் தடையை நாம் புறக்கணிக்கவில்லை. நேரக்கூடும். ஆகையால்தான் அவரிடமே கேட்கவேண்டும் என்கிறோம். பெயர் வேண்டாம் என்று அவர் கூறின், அது அவர் உரிமை. கேளாமலே விடுவது வேறு.

நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் கண்டான், லேவியனும் கண்டான், சமாரியனும் கண்டான். காட்சியில் மூவருக்கும் வேறுபாடில்லை. அருகே சென்றதில்தான் வேறுபாடு. கண்காட்சி என்பது காண்பதோடு முடிந்துவிடுமாயின், முதல் இருவரின் வழியையே அது நமக்குப் பழக்கும்.

ஆதலின், நம் பகுதியில் இனிக் கண்காட்சி நடத்துவோர்க்குச் சில கூற விரும்புகிறோம். படத்தில் உள்ளவரின் இசைவைப் பெறுக. அவர் விரும்பின் பெயரைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எழுதுக. படத்தின் படி ஒன்றை அவர் வீட்டுக்குக் கொடுக்க. திறப்புவிழாவில் அவர்க்கு முன்வரிசையில் இருக்கை அளிக்க. ஷிப்ட் முடிந்து வருவோரும் காணத்தக்கதாக நேரத்தை அமைக்க. நகரியத்து மண்டபத்தில் காட்டியதைச் சுற்றுவட்டச் சிற்றூர்ப் பள்ளிகளிலும் ஒரு நாளேனும் காட்டுக. இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவில்லை.

அம்மூதாட்டியாரின் முகத்தைப் பின்னர் ஓர் இளைஞர் படமெடுத்துக் கொடுத்தார். கலைநயத்தில் பரிசுபெற்ற படத்துக்கு அது ஈடாகாது. அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது இதைத்தான்.